புறங்கையில் ஒரு தட்டு

அந்த அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் நன்னிலத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. மாமியாருக்கு 'மருமவளே'. மகளுக்கு 'அம்மா'. துபாயில் இருந்த வீட்டுக்காரருக்கு 'இந்தாம்மா'. காலையில் இடியாப்பம் வாங்க வருகிறவர்களுக்கு 'பாயம்மா'. சிலிண்டர் போட வருகிறவருக்கு 'மேடம்'. எனக்கு 'அக்கா'. நாள் முழுக்க இதில் ஏதாவது ஒன்று அந்த வீட்டுக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கும். நானும் இங்கே பேர் சொல்லப்போவதில்லை. இத்தனை பேர் கூப்பிட்டதற்கெல்லாம் ஓடினவளை இன்னொரு பேர் சொல்லிக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அந்தப் பக்கம் அவள் இடியாப்பம். இரண்டு பேரும் ஒரே தெருவில் சாப்பாட்டு வியாபாரம் செய்கிறீர்களே, சண்டை வராதா என்று கேட்காத ஆள் இல்லை. எங்களுக்குச் சண்டை போடவே நேரம் கிடைத்ததில்லை. ஒரே ஒரு சண்டைதான் வந்தது. அது நான் குடிவந்த புதிதில்.

கிரைண்டரில் அரிசி பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பின்பக்கம் போய்ச் சுவருக்கு மேலே எட்டி, "அக்கா, உங்க வீட்லயும் கரண்டு இல்லயா?" என்று கேட்டேன். பதில் இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது, சேலை அசைகிறது. மறுபடி சத்தமாகக் கேட்டேன். 'டப்' என்று ஒரு கைதட்டல் வந்தது. அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம். காக்காய் விரட்டுகிற மாதிரியல்லவா விரட்டுகிறாள்! "ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினாள். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளை மக்கனா. தொழும்போது போட்டுக்கொள்வது. அதைக் கழற்றக்கூட இல்லாமல் வந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தொழுதுக்கிட்டு இருந்தேன் புள்ள. நடுவுல வாயத் தொறந்து பதில் சொல்லக் கூடாது. அவசரம்னா ஆம்பளைங்க 'சுப்ஹானல்லா'ன்னு சத்தமா சொல்லுவாங்க. பொம்பளைங்க இப்படித் தட்டணும்." வலது கை விரலால் இடது புறங்கையில் ஒரு தட்டு தட்டிக் காட்டினாள். "கரண்டு எங்க வீட்லயும் இல்ல. கொழுக்கட்டையும் இல்ல. இந்தா, நாலு இடியாப்பம் இருந்துச்சு, தின்னு."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பிறகு அந்தத் தட்டு எனக்கு என் வீட்டுக் குக்கர் விசில் மாதிரி ஆகிவிட்டது. கேட்டால் புரிந்துகொள்வேன்: அக்கா தொழுகையில் இருக்கிறாள், பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்த வீட்டிலும் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? கூப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை. கூப்பிடுவார்கள், தட்டு கேட்கும், "சரி சரி, தொழுதுட்டு வா" என்பார்கள். ஆனால் அதற்குள் அவள் மனசு எழுந்து வந்துவிட்டிருக்கும். உடம்பு மட்டும் அங்கே குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கும். இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்லுவாள்.

"நெத்தி தரையில இருக்கு புள்ள, நெனப்பு தேங்காப்பாலுல இருக்கு. பால் திரிஞ்சிருக்குமோ, மாமிக்கு மாத்திரை குடுத்தனா, அந்த வாத்தியார் வீட்டுக்கு நாப்பது இடியாப்பமா அம்பதா? சலாம் குடுத்து முடிக்கறப்பதான் ஞாபகம் வருது, நான் யார் முன்னாடி நின்னேன்னு. அவன் முன்னாடி நின்னுக்கிட்டே கடைத்தெருவுக்குப் போய்ட்டு வந்துர்றேன். சீ, என்ன பொழப்பு இது!"

"நானும்தான் தெனம் வெளக்கேத்துறேன். ஒரு கையில தீக்குச்சி, ஒரு கையில கிரைண்டர் கல்லு. சாமிக்குத் தெரியாதாக்கா?" என்பேன்.

"அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் ஆசையா இருக்கு."

எதற்கு ஆசை என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விடியற்காலைத் தொழுகையை அவள் இடியாப்பத் தட்டை வைத்துத்தான் அளந்தாள். ஒரு ஈடு அடுப்பில் ஏற்றுவாள், ஓடுவாள், தொழுவாள், ஈடு வெந்து ஆவி வருகிற நேரத்தில் திரும்பி வந்துவிடுவாள். ஆவி கொஞ்சம் முன்னாலேயே மணத்துவிட்டால் கடைசி வரிகள் தடதடவென்று ஓடும், சுவர் வழியாக எனக்கே அந்த வேகம் கேட்கும். ஒரு நாள் கேலி செய்தேன், "ஏன்க்கா, நன்னிலம் கும்பகோணம் பஸ்ஸைப் புடிக்கப் போறீங்களா?" என்று. சிரித்தாள். சிரித்துவிட்டு, பிழிகிற அச்சை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் அப்படிக் கேட்டோம் என்று எனக்கு ஆகிவிட்டது.

மதியத்துக்குப் பிறகு வருகிற அஸர் தொழுகைக்கு இன்னொரு கூத்து. துபாயில் அவள் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, அது சாப்பாட்டு நேரம். அந்த ஒரு நேரம்தான் அவருக்குப் போன் பேசக் கிடைக்கும். இவளுக்கு அந்த நேரம்தான் தொழக் கிடைக்கும். எடுக்காவிட்டால் மனுஷனுக்கு முகம் சுருங்கிப்போகும். அதனால் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். போனை ஒரு சர்க்கரை டப்பாவில் சாய்த்து அம்மா தொழுவதற்கு எதிரில், கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவாள். அங்கே அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, இங்கே இவள் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார். பேச்சே கிடையாது. சில நாள் இவள் சலாம் கொடுப்பதற்குள் அவருக்கு நேரம் முடிந்து, கையை அசைத்துவிட்டு வைத்துவிடுவார். அந்தக் குடும்பம் வருஷக்கணக்காகக் கூடி உட்கார்ந்து சாப்பிட்டது அப்படித்தான்.

இதிலெல்லாம் பெரிய தொந்தரவு மாமியார். கண் பார்வை மங்கி, கால் வராமல், கூடத்துக் கட்டிலில் கிடந்தார். எனக்கு அவர் பெரியம்மா. "மருமவளே, தண்ணி." 'டப்.' "மருமவளே, ஃபேனைக் கொற." 'டப்.' "மருமவளே, வாசல்ல யாரு?" 'டப்.' எனக்கே எரிச்சல் வரும். ஒரு நாள் அக்கா கடைக்குப் போயிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏன் பெரியம்மா, அந்தப் பொம்பளைய ரெண்டு நிமிஷம் தொழ விட மாட்டீங்களா? பக்கத்துலதான சொம்பு இருக்கு?"

பெரியம்மா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "எனக்குத் தண்ணி வேணுமுன்னா கூப்புடறேன்? கண்ணுதான் தெரியல. அவ தொழ நின்னா வீட்ல சத்தமே இருக்காது. என்னைய விட்டுட்டு எங்கயும் போய்ட்டாளோன்னு இருக்கும். ஒரு தட்டு கேட்டுச்சுன்னா, ஆங், இருக்கா, அப்படின்னு இருக்கும்."

இதை அக்காவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் புள்ள. அதனாலதான் கொஞ்சம் சத்தமாவே தட்டுறது" என்றாள்.

அவளுக்குப் பிரஷர் இருந்தது. மாத்திரை இருந்தது, அதைப் போட்டுக்கொள்ள நேரம் இல்லை. தலைவலி என்று நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலை பார்ப்பாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்கக்கா" என்றால், "போய் வரிசைல நிக்கற நேரத்துல ரெண்டு வக்து தொழுதுருவேன்" என்பாள். ஒரு வேளைத் தொழுகைக்கு வக்து என்று பேர். தொழுது முடித்துக் கையேந்தி எனக்காகவும் துஆ கேட்பாள். என் மகன் வேலைக்காக, என் இடுப்பு வலிக்காக, தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்களுக்காக. "உங்களுக்குன்னு என்னதான் கேக்குறீங்க?" என்று கேட்டேன். "என் நம்பர் வர்றதுக்குள்ள எவளாவது கூப்பிட்டுருவா" என்று சிரித்தாள். 'எவளாவது' என்று சொல்லும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

போன வருஷம் குறுவை அறுப்பு நடக்கிற சமயத்தில் அண்ணன் லீவில் வந்தார். ரொம்ப நாள் கழித்து வந்தவர். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மகளுக்கு இது, அம்மாவுக்கு இது, எனக்குக்கூட ஒரு தைல பாட்டில் என்று எடுத்துக் கொடுத்தார். பிறகு அவளைப் பார்த்து, "இந்தாம்மா, உனக்கு என்ன வேணும்னு நீ வாயத் தொறந்து சொன்னதே இல்ல. இப்ப சொல்லு. வளையல் செய்யலாமா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். பெரியம்மாகூடக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். "வாரத்துல ஒரு வக்து. யாரும் கூப்பிடாம."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வளையல் கேட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அஸருக்கும் பொழுது சாய்ந்ததும் வருகிற மஃரிபுக்கும் நடுவில் கேட்கிற துஆ வீண் போகாது என்பார்கள். அந்தப் பொழுதுதான் அவளுக்கு என்று முடிவாயிற்று. அஸர் பாங்கு சொன்னதும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியது. தொழுதுவிட்டுக் குர்ஆன் ஓதட்டும், தஸ்பீஹ் மணி உருட்டட்டும், சும்மா இருக்கட்டும், அவள் பாடு. மஃரிப் பாங்கு வரைக்கும் ஒருத்தரும் கூப்பிடக் கூடாது. போனை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். வாசலில் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அடுப்பு மகள் வேலை. அந்த நேரத்தில் கிரைண்டர் போடுவதில்லை என்று நானாகவே சொன்னேன். பெரியம்மாவிடம் அண்ணன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "வாரத்துல ஒரு நாள்மா. ஒரே ஒரு பொழுது." பெரியம்மா, "நான் என்ன சின்னப் புள்ளயா? கூப்புட மாட்டேன் போ" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை. உள்ளே போனவள் போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாள். "என்னக்கா அதுக்குள்ள?"

"யாருமே கூப்பிடல புள்ள. பயமா இருந்துச்சு. எல்லாரும் செத்துக்கித்துப் போயிட்டீங்களோன்னு வந்து பாத்தேன்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. தோளைப் பிடித்துத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மஃரிப் பாங்கு சொல்லியும் கதவு திறக்கவில்லை. மகள் போய்த் திறந்து பார்த்தால், தொழுகைப் பாயிலேயே ஒருக்களித்துப் படுத்து நல்ல தூக்கம். எழுப்பினதும் அவளுக்கு ஒரே வெட்கம். "அவன் முன்னாடி வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கியிருக்கேன். என்ன நெனச்சிருப்பான்?" அண்ணன்தான் சொன்னார், "தூங்கு, இப்பத்தான் தூங்குற" என்று. அதிலிருந்து, நேரம் ஆனால் ஆகட்டும், தூங்குகிறாள் என்று விட்டுவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவள் வெளியே வந்தபோது நான் கூடத்தில் இருந்தேன். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அழுதிருந்தாள். ஆனால் அழுத முகம் மாதிரி இல்லை. குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன், "என்னக்கா கேட்டீங்க? உங்க நம்பர் வந்துச்சா?"

"ஒண்ணும் கேக்கல புள்ள." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "கேக்கணும்னு எத்தனையோ வச்சிருந்தேன். ஒண்ணுமே ஞாபகம் வரல. சும்மா இருந்தேன். தேங்காப்பால் வரல, யாரும் வரல. நான் மட்டும் இருந்தேன். இத்தன வருஷம் தொழுதேன்ல, இன்னைக்குத்தான் போய்ச் சேந்தேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

அந்த நாலாவது வெள்ளிக்கிழமை தெருவெல்லாம் வைக்கோல் தூசி. அறுப்பு மெஷின் ஒன்று மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அக்கா காலையிலிருந்தே நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தைலம் தடவியிருந்தாள், மணத்தது. அஸர் பாங்கு சொன்னதும் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, "வரட்டுமா" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியூருக்குப் போகிறவள் மாதிரி என்ன சொல்லிக்கொள்வது என்று மகள் கேலி செய்தாள்.

நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு அங்கேதான் போய் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா கட்டில் பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த அமைதியைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு! சிலிண்டர்க்காரர் வந்தார். அவர் 'மேடம்' என்று வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் ஓடிப்போய் வாயில் விரலை வைத்துக் காட்டி, இரண்டு பேருமாகச் சிலிண்டரைச் சத்தம் வராமல் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகள் அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார். எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. அவளுக்கு நாங்கள் ஏதோ செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று.

அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பெரியம்மா தலையை உயர்த்தினார். எதையோ கேட்கிற மாதிரி இருந்தார். பிறகு மகனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு தடவ கூப்புடட்டுமாடா?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "கை தட்டுனான்னா அதுக்கப்புறம் வாயத் தொறக்க மாட்டேன்."

"அம்மா. வாரத்துல ஒரு நாள்மா." அண்ணன் கோபப்படவில்லை. கெஞ்சினார்.

பெரியம்மா படுத்துக்கொண்டார். திரும்பவும் ஒரு தடவை வாயைத் திறந்தார். நான் அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டார்.

மஃரிப் பாங்கு சொன்னார்கள். கதவு திறக்கவில்லை. "தூங்குறா போல" என்றார் அண்ணன், சந்தோஷமாகத்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டோம். தொழுகை நேரம் போய்விடுமே என்று பிறகு அவரே போய்க் கதவைத் திறந்தார்.

நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவில் இருந்தபடியே பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். மக்கனா கலையவில்லை. மூச்சு இருந்தது, குறட்டை மாதிரி ஒரு மூச்சு. ஒரு பக்கத்து வாய் கோணியிருந்தது. குர்ஆன் பலகையில் வைத்தபடி மூடியே இருந்தது. தஸ்பீஹ் மணி அதன்மேல் சுருட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டையும் அவள் தொடவே இல்லை. அப்படியென்றால் அஸர் தொழுகையிலேயே, போன உடனேயே விழுந்திருக்கிறாள். நாங்கள் சிலிண்டரைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் அங்கே அப்படித்தான் கிடந்திருக்கிறாள்.

திருவாரூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சின்னப் பெண். "இவங்க நல்லா இருந்தத கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"அஸர் பாங்குக்கு" என்றார் அண்ணன். பிறகு, "சாயங்காலம் நாலு மணி இருக்கும்" என்றார்.

"அதுக்கப்புறம் வீட்ல யாரும் இல்லையா? யாரும் கூப்பிடலையா?"

"எல்லாரும் இருந்தோம்." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கூப்பிடக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றாள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவள், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பவும் உறுதியா சொல்ல முடியாதுதான்" என்று முடித்தாள். நல்ல பெண். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் இன்னும் நடமாடுகிறார் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில், இடியாப்பம் முதல் ஈடு ஏற்றுகிற நேரத்தில், போய்விட்டாள்.

வந்த பெண்களெல்லாம் அதையேதான் சொன்னார்கள். "சஜ்தாவுல விழுந்த மவுத்து. அப்படி ஒரு சாவு எத்தன பேருக்குக் கெடைக்கும்? சொர்க்கத்துக்கு நேரா போயிருப்பா. குடுத்து வச்சவ." நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஒருத்தி இன்னொரு தடவை சொன்னபோது, "அம்மா, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று சொல்லியேவிட்டேன். நான் வேற்று மதக்காரி, அந்த இடத்தில் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் அவளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட முடியவில்லையே! மகள் மூலையில் உட்கார்ந்து அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அதில் யாரோ ஐம்பது இடியாப்பத்துக்கு ஆர்டர் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறார்கள். இதில் யார் கொடுத்து வைத்தவர்கள்?

பெரியம்மா மட்டும் அழவில்லை. எல்லோரும் போன பிறகு மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். அவர் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நான் கூப்புட்டிருந்தா அவ தட்டிருக்க மாட்டாடா. எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

திட்டவில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் அந்த மனுஷன் கொஞ்சம் அழுது தீர்த்திருப்பார்.

அண்ணன் துபாய்க்குத் திரும்பிப் போகவில்லை. விசா அதுபாட்டுக்கு முடிந்தது. காலையில் இப்போது அவர்தான் இடியாப்பம் பிழிகிறார். கனமாக விழுகிறது. வாங்குகிறவர்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மகள் தொழ நின்றால் இப்போது அந்த வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிறோம். நானும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறேன். அவளும் சலிக்காமல் தட்டுகிறாள். அம்மா தட்டின மாதிரியே கொஞ்சம் சத்தமாக.

பள்ளிவாசல் கூப்பிடு தூரம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை அஸரை மட்டும் அண்ணன் வீட்டில், அந்தப் பின்னறையில்தான் தொழுகிறார். கதவைச் சாத்துவதில்லை. கதவையே கழற்றிப் பின்பக்கம் சாய்த்து வைத்துவிட்டார். அது மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. நானும் அந்த நேரத்தில் கிரைண்டரை நிறுத்திவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமையும் நிறுத்திவிட்டு நின்றேன். கூடத்திலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். ஞாபகம் தப்பிக் கூப்பிடுகிறாரா, தெரிந்தே கூப்பிடுகிறாரா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

"மருமவளே."

ஆண்பிள்ளை தொழுகையில் இருந்தால் 'சுப்ஹானல்லா' என்று சொல்ல வேண்டும். தட்டக் கூடாது. அது அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அண்ணனுக்குத் தெரியாதா?

பின்னறையிலிருந்து 'டப்' என்று புறங்கையில் ஒரு தட்டு கேட்டது.

"ஆங்" என்றார் பெரியம்மா. "தொழு, தொழு. நான் கூப்புடல."

பிறகு மறுபடியும் கூப்பிட்டார். நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் தட்டு கேட்டது.